ஒரே ஓர் இடம்: வெளிநாடு போகும் கோல்கீப்பரின் தொழில்வாழ்க்கை எப்படி நகர்கிறது?

தென்கொரியாவின் கே லீக், 2026 சீசன் முதல் வெளிநாட்டு கோல்கீப்பர்களை அனுமதிப்பதென்று 2025-ல் முடிவெடுத்தது. நீக்கப்பட்டது 1999 முதல் இருந்துவந்த முழுத்தடை. பிரேசில்காரர் ஃபார்வர்டாக ஆடலாம், செர்பியர் டிஃபென்ஸில் நிற்கலாம், கோல் போஸ்டுக்குக் கீழே நிற்பவர் மட்டும் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு லீக் இத்தனை ஆண்டு பிடிவாதமாக இருந்தது ஏன்?

இதன் மறுபக்கமாக இன்னொரு குழப்பமும் ரசிகர்களுக்கு உண்டு. சொந்த நாட்டு அணியில் அசைக்க முடியாத ஒரு கீப்பர் ஐரோப்பாவுக்குப் போகிறார். போனதும் இரண்டு மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்காருகிறார். திறமை குறைவா, பாரபட்சமா என்று சண்டை நடக்கிறது. பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது.

இடமும் நிமிடமும்

38 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் ஓர் இடத்துக்கு மொத்தம் 3,420 நிமிடங்கள். நடுக்களத்தில் மூன்று இடம் என்றால் பத்தாயிரம் நிமிடத்துக்கு மேல். அதை ஆறேழு பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். ஃபார்வர்டை 60-வது நிமிடத்தில் வெளியே எடுக்கலாம், விங்கரை ஃபுல்பேக்காக மாற்றலாம். கோல்கீப்பருக்கு இதெல்லாம் கிடையாது. காயம், சிவப்பு அட்டை, மிக அரிதாக பெனால்டி ஷூட்அவுட் ஆகியவை தவிர அவரை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவதில்லை. ஐந்து மாற்று வீரர்களை அனுமதிக்கும் இன்றைய விதி வேறு எல்லோருக்கும் வாய்ப்பைக் கூட்டியது. இரண்டாம் கீப்பருக்கு மட்டும் ஒன்றும் தரவில்லை.

ஆகவே முதல் கீப்பர் ஏறக்குறைய 3,420 நிமிடங்களையும் எடுத்துக்கொள்வார். இரண்டாமவருக்கு உள்நாட்டுக் கோப்பையின் தொடக்கச் சுற்றுகள் மிஞ்சும். மூன்றாமவர் பயிற்சிக்கான ஆள். இந்த மூன்று படிகளுக்கிடையே திறமை வித்தியாசம் சிறிதாக இருக்கலாம். நிமிட வித்தியாசம் பயங்கரமானது. கீழே வரும் எந்த விதியை எடுத்தாலும், அது வேலை பர்மிட்டோ போனஸோ ஒப்பந்த முறிவோ, கடைசியில் நிமிடங்களைத்தான் எண்ணுகிறது.

தடை ஏன் வந்தது, ஏன் போகிறது

கொரியத் தடைக்குப் பின்னால் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார் என்றே சொல்லலாம். துஷான்பேயில் பிறந்து மாஸ்கோவின் டோர்பிடோ அணியில் ஆடிய வலேரி சாரிச்செவ், 1992-ல் இல்ஹ்வா சுன்மா கிளப்புக்கு வந்தார். 1993, 94, 95 மூன்று ஆண்டும் அந்த கிளப்தான் சாம்பியன். பார்த்த மற்ற கிளப்புகளும் வெளிநாட்டு கீப்பர்களைத் தேடிப் போயின. உள்ளூர் கீப்பர்கள் பெஞ்சுக்குப் போனார்கள். தேசிய அணிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கவலை வந்தது. வெளிநாட்டு கீப்பர் ஆடக்கூடிய ஆட்டங்களைப் படிப்படியாகக் குறைத்து, 1999-ல் முழுதாக அடைத்தார்கள். சாரிச்செவ் விடவில்லை. 2000-ல் கொரியக் குடியுரிமை பெற்று, ஷின் உய்-சோன் என்ற பெயரில் அன்யாங் அணிக்கு ஆடி, அந்த ஆண்டும் பட்டம் வென்றார். நாற்பதைத் தாண்டியும் ஆடினார்.

தடையின் நோக்கம் புரியக்கூடியது. பத்து கிளப் இருக்கும் லீக்கில் பத்து கீப்பர் இடம்தான். ஆறு இடத்துக்கு வெளிநாட்டவர் வந்தால், நாட்டில் வாரந்தோறும் உயர்மட்டத்தில் ஆடும் கீப்பர்கள் நாலே பேர். ஃபார்வர்டு விஷயத்தில் இப்படி ஆகாது.

ஆனால் தடைக்கு ஒரு விலை உண்டு. போட்டி இல்லாத இடத்தில் சம்பளம் ஏறும். உள்ளூரில் நல்ல கீப்பர் எண்ணிக்கை குறைவு, வெளியிலிருந்து கொண்டுவரவும் முடியாது என்றால், சராசரிக் கீப்பருக்கும் கிளப்புகள் அதிகம் கொடுக்க வேண்டியதாகிறது. தடையை நீக்கும்போது கே லீக் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இப்போது இரண்டு டிவிஷனிலுமாக 25-க்கும் மேற்பட்ட கிளப்புகள் இருப்பதால் உள்ளூர்க்காரர்களுக்கு இடம் போதும் என்பது இன்னொன்று.

சவுதி அரேபியா இதை 2017-லேயே செய்தது. தடை நீங்கிய அந்தக் கோடையிலேயே ஓமானின் அலி அல்-ஹப்ஸி அல் ஹிலாலுக்கும், எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 44 வயதில் அல்-தாவுனுக்கும் வந்தார்கள். எல்-ஹதாரி அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் 45 வயது 161 நாளில் களமிறங்கி, சவுதிக்கு எதிராகவே ஒரு பெனால்டியைப் பிடித்தது தனிக்கதை. 2023-ல் எடுவார் மெண்டி அல்-அஹ்லிக்கும், யாசின் போனோ அல் ஹிலாலுக்கும் வந்தபோது கதவு முழுதாகத் திறந்தது. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை சவுதி வென்ற ஆட்டத்தின் கீப்பர் மொஹம்மத் அல்-ஓவைஸ் அல் ஹிலால் வீரர்தான். அவருடைய கிளப்பே போனோவை வாங்கியது என்பதை வைத்தே உள்ளூர் கீப்பர்களின் நிலையை ஊகிக்கலாம். சீனா இன்னும் தன் லீக்கில் வெளிநாட்டு கீப்பரை அனுமதிப்பதில்லை.

தடையே இல்லாமல் கதவு சாத்தப்படுவது: கோட்டா

இந்தியாவில் வெளிநாட்டு கீப்பருக்குத் தடை கிடையாது. ஆனாலும் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) அவர்கள் காணாமல் போனார்கள். 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு இங்கிலாந்து கீப்பர் டேவிட் ஜேம்ஸ் ஆடினார், மேலாளரும் அவரே. 2015-ல் சென்னையின் எஃப்சி கோப்பை வென்றபோது கோலில் நின்றவர் அபூலா எடெல். அப்போது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் இருக்கலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கு.

எண்ணிக்கை குறையும்போது பயிற்சியாளர் முதலில் வெட்டுவது கீப்பரைத்தான். நான்கு இடம் என்றால் ஒரு சென்டர் பேக், ஒரு நடுக்களத்தவர், இரண்டு தாக்குதல்காரர் என்று கணக்கு முடிந்துவிடும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டு கீப்பருக்குக் காயம் பட்டு உள்ளூர் மாற்றுக் கீப்பர் வந்தால் அந்த வெளிநாட்டு இடம் வீணாகிறது. உள்ளூர் கீப்பருடன் தொடங்கினால் இந்தச் சங்கடமே இல்லை. எந்த ஆணையும் போடாமலே இந்திய கீப்பர்களுக்கு ஐஎஸ்எல் முழுதும் கிடைத்தது இப்படித்தான். அது நல்லதா என்றால், தேசிய அணிக்கு நல்லது என்பேன். இந்திய கீப்பர் வெளிநாடு போகும் ஆசைக்கு அதுவே தடையும்கூட. உள்ளூரில் உறுதியான ஆட்ட நிமிடங்களை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

பர்மிட்: இங்கிலாந்தின் கணக்கு

இங்கிலாந்தில் வெளிநாட்டு வீரர் வேலை பர்மிட் பெற்று ஆட, கால்பந்து சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். 2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் இது பொருந்தும். இரண்டு வழி:

1. தானாகத் தேறுவது. வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் 50-க்குள் இருந்து, அதன் போட்டி ஆட்டங்களில் அவர் குறிப்பிட்ட சதவீதம் ஆடியிருக்க வேண்டும். தரவரிசை மேலே போகப் போக, தேவையான சதவீதம் குறையும்.
2. புள்ளிகள் சேர்ப்பது. 15 புள்ளி வேண்டும். எந்த லீக்கில் ஆடினார், அந்த கிளப் எந்த இடத்தில் முடித்தது, கண்டப் போட்டிகளில் ஆடினதா, எல்லாவற்றுக்கும் மேலாக அதில் அவர் எத்தனை சதவீதம் நிமிடங்கள் ஆடினார்.

நல்ல லீக்கில், நல்ல கிளப்பில், பெஞ்சில் இருக்கும் கீப்பர் இந்த இரண்டாவது வழியில் எங்கே நிற்பார் என்று பாருங்கள். லீக்கின் தரம் உயர்ந்தது; நிமிடம் பூஜ்யம். அதைவிட ஒரு படி கீழான லீக்கில் 90 சதவீதம் ஆடும் கீப்பர் அவரை எளிதில் முந்திவிடுவார். 2023 முதல் கிளப்புகளுக்குப் புள்ளி போதாத வீரர்களைச் சேர்க்கச் சில சிறப்பு இடங்கள் கொடுக்கப்படுகின்றன. 

பழைய விதியும் இதே தர்க்கம்தான். 2009-ல் சுனில் சேத்ரி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன் மூன்றாண்டு ஒப்பந்தம் பேசியும் பர்மிட் கிடைக்காமல் போனது, இந்தியா தரவரிசையில் 70-க்குள் இல்லை என்பதால். வீரரின் தரத்தைப் பார்க்கும் முன் அவர் நாட்டின் தரத்தைப் பார்க்கிறார்கள்.

பெண்கள் கால்பந்தில் இன்னொரு வழி உண்டு: படிப்பு. இந்திய கீப்பர் அதிதி சௌஹான் லஃப்பரா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய், 2015-ல் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் சேர்ந்தார். ஆனால் பிரிட்டனின் மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது. அதனால் இந்த வழி, அமெச்சூர் நிலையில் இருக்கும் கிளப் வரை மட்டுமே கொண்டுபோகும்.

கையெழுத்திலிருந்து களம் வரை

நாடு விட்டு நாடு மாறும் எந்த வீரருக்கும் ஃபிஃபாவின் பதிவு, மாற்ற விதிமுறைகள் பொருந்தும். கீப்பருக்கு அவற்றில் சில கூடுதலாகக் கடிக்கும்.

1. இருக்கும் ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ குறைவாகவோ இருந்தால்தான் வேறு கிளப்புடன் நேரடியாகப் பேசிக் கையெழுத்திடலாம். அதற்குமுன் என்றால் கிளப்போடு கிளப் பேச வேண்டும்.

2. ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்தாண்டு. 18 வயதுக்குக் கீழ் மூன்று. 18-க்கு முன் நாடு மாறுவது பொதுவாகத் தடை, சில விதிவிலக்குகள் தவிர.

3. மருத்துவச் சோதனையில் தேறினால்தான், வேலை பர்மிட் கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதக் கூடாது. பிரிவு 18 இதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆகவே கிளப்புகள் சோதனையை முடித்துவிட்டு, பர்மிட்டுக்கு வாய்ப்பு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கும். கையெழுத்துக்குப் பின் "பர்மிட் வரவில்லை, சம்பளம் இல்லை" என்று சொல்லும் கிளப்பின் பேச்சை நம்பி விட்டுவிடக் கூடாது.

4. மாற்றத்தை இரண்டு கிளப்பும் டிஎம்எஸ் என்ற ஃபிஃபா கணினி அமைப்பில் ஏற்ற வேண்டும். இருபுறமும் விவரம் பொருந்த வேண்டும். பழைய நாட்டுச் சங்கத்திடம் சர்வதேச மாற்றச் சான்றிதழ் கேட்க வேண்டும். இதெல்லாம் டிரான்ஸ்பர் விண்டோ, அதாவது வீரர்கள் கிளப் மாற அனுமதிக்கப்படும் காலம், மூடுவதற்குள் நடக்க வேண்டும். 2015 ஆகஸ்ட் 31 இரவு மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் டேவிட் டி கேயா ரியல் மாட்ரிட்டுக்குப் போவதும், மாட்ரிட் கீப்பர் கெய்லர் நவாஸ் யுனைடெடுக்குப் போவதும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆவணங்கள் நேரத்துக்குள் ஏறவில்லை. இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே தங்கினார்கள். கோஸ்டா ரிகாவிலிருந்து அல்பாசெட்டே, லெவாந்தே வழியாக மாட்ரிட் வந்திருந்த நவாஸ், அந்தத் தாமதத்துக்குப் பிறகு 2016, 2017, 2018 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக் வரிசையாக வென்றார்.

5. ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதியலாம், இரண்டு கிளப்புக்குத்தான் அதிகாரபூர்வமாக ஆடலாம். இரண்டாம் கீப்பராக ஒரே ஒரு கோப்பை ஆட்டம் ஆடியிருந்தாலும் அது ஒரு கிளப்பாக எண்ணப்படும். பிறகு லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) போன இடம் சரிப்படவில்லை என்றால், மூன்றாவது இடத்தில் பதியலாம், ஆட முடியாது. நார்வேபோல வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் லீக்கிலிருந்து, ஆகஸ்டில் தொடங்கும் லீக்குக்கு மாறுவோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

6. பயிற்சி இழப்பீடு. 23 வயது நிறையும் காலண்டர் ஆண்டு முடியும்வரை நாடு மாறினால், 12 முதல் 21 வயதுவரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் புதிய கிளப் பணம் தர வேண்டும். ஐரோப்பாவின் முதல் தரக் கிளப்புக்கு, பயிற்சி ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 90,000 யூரோ என்ற அளவு. அதற்கடுத்த படிகள் 60,000, 30,000, 10,000. கீப்பர் முதிர்வது தாமதமாகத்தான். 21 வயதில் அவர் என்ன ஆவார் என்று யாருக்கும் தெரியாத நிலையில் இந்தச் செலவை ஏற்க கிளப்புகள் தயங்கும். 24-ல் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும். மகளிர் கால்பந்துக்கு இந்த இழப்பீடு கிடையாது.

அங்கே போனபின் என்ன மாறுகிறது

கோல் எங்கேயும் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம்தான். மற்றதெல்லாம் மாறும்.

முதலில் பேச்சு. கார்னர் வரும்போது கீப்பர் அரை நொடியில் சொல்ல வேண்டியது பத்திருபது சொற்கள்: என் பந்து, விடு, வெளியே ஏறு, பின்னால் ஆள், சுவரில் ஒருவர் கூட. இலக்கணம் தேவையில்லை, ஆனால் டிஃபெண்டர் யோசிக்காமல் கீழ்ப்படியும் ஒலியில் வர வேண்டும். "என் பந்து" என்று தாமதமாகச் சொன்னால் இரண்டு பேர் மோதுவார்கள், அல்லது இரண்டு பேரும் விட்டுவிடுவார்கள். வந்த முதல் மாதத்தில் புதுக் கீப்பர்கள் வாங்கும் அசட்டுக் கோல்களில் இந்த வகை நிறைய.

அடுத்தது தரை. நார்வே போன்ற குளிர்நாட்டு லீக்குகளில் செயற்கைப் புல் அதிகம். பந்து தாழ்ந்து சறுக்கி வேகமாக வரும். இயற்கைப் புல்லில் பழகியவர் கையைக் கொண்டுபோகும் நேரத்துக்குப் பந்து தாண்டியிருக்கும். பக்கவாட்டில் விழும்போது இடுப்பும் முழங்கையும் தேயும். நீள ஸ்டட் கொண்ட பூட் அங்கே கால் திருகலில் முடியும். குறுகிய, எண்ணிக்கை அதிகமான ஸ்டட் கொண்ட அடிப்பாகம் வேண்டும். கையுறையின் உள்ளங்கை லேட்டக்ஸ் நுரை, பொதுவாக 3.5 அல்லது 4 மில்லிமீட்டர். செயற்கைப் புல்லில் கையை ஊன்றி எழுந்தால் அது சீக்கிரம் கிழியும், உலர்ந்தால் பிடி போகும். அதனால் ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் லேசாக நனைக்க வேண்டும். கடுங்குளிரில் லேட்டக்ஸ் விறைத்துப்போவதால் வார்ம்அப்புக்கு ஒரு ஜோடி, ஆட்டத்துக்கு வேறு ஜோடி வைத்திருப்பார்கள்.

பிறகு பாணி. இங்கிலாந்தில் கார்னருக்கு கீப்பரைச் சுற்றி நாலைந்து பேர் நெருக்குவார்கள். வெளியே வந்து குத்துவதா, கோட்டிலேயே நிற்பதா என்பதே பாதி வேலை. ஸ்பெயின், நெதர்லாந்து பக்கம் காலால் பந்தைப் பகிராத கீப்பர் கூடுதல் சுமை. 2025-26 முதல் கையில் எட்டு நொடிக்குமேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்ற விதி வேறு.

கிளப்புகள் கீப்பரை அளக்கும் விதமும் மாறிவிட்டது. சேவ் சதவீதம் (வந்த ஷாட்களில் தடுத்தவற்றின் விகிதம்) ஏமாற்றும்: பலவீனமான அணியின் கீப்பருக்குத் தூரத்திலிருந்து வரும் மெதுவான ஷாட் பல சேரும், பலமான அணியின் கீப்பருக்கு ஆட்டத்துக்கு இரண்டே ஷாட், இரண்டும் ஆறு மீட்டரிலிருந்து. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து வந்தது, கோலின் எந்த மூலைக்குப் போனது என்பதை வைத்து, அது கோலாகும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். ஒரு சீசனில் வாய்ப்புக் கூட்டல் 45 என்று வைப்போம். கீப்பர் வாங்கியது 40 என்றால் ஐந்து கோலைத் தடுத்தார் என்று பொருள். இந்த எண் நம்பத்தக்கதாக ஆக நூற்றுக்கும் மேற்பட்ட ஷாட்கள் வேண்டும். பெஞ்சில் இருப்பவருக்கு இந்த எண்ணே இருக்காது. சந்தையில் அவர் அளவிடப்படாத சரக்கு.

முழுப் பயணம்: அலி அல்-ஹப்ஸி

இத்தனை விதிகளும் ஒரே வாழ்க்கையில் எப்படிக் கோர்த்துக்கொள்கின்றன என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓமானில் தீயணைப்பு வேலை பார்த்துக்கொண்டே ஆடிய இளைஞரைக் கண்டுகொண்டவர் ஜான் பர்ரிட்ஜ். 43 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்கு பிரீமியர் லீக் ஆடியவர். அப்போது ஓமானின் கீப்பர் பயிற்சியாளர். அல்-ஹப்ஸி நேரே இங்கிலாந்து போகவில்லை. 2003-ல் ஆஸ்லோவின் லின் கிளப்பில் சேர்ந்தார். சின்ன லீக், ஆனால் முதல் கீப்பர். 2004-ல் நார்வே லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருது வந்தது. 2006 ஜனவரியில் போல்டன் வாண்டரர்ஸ்.

அங்கே முன்னால் நின்றவர் ஃபின்லாந்தின் யூசி யாஸ்கலாய்னன். ஆண்டுக்கணக்கில் இடத்தை விடாதவர். நான்கரை ஆண்டில் அல்-ஹப்ஸிக்குக் கிடைத்த லீக் ஆட்டங்கள் பத்தை ஒட்டியே. லீக் கப், யூஃபா கோப்பை என்று விளிம்புகளில் ஆடினார். 24-லிருந்து 28 வரை ஒரு கீப்பர் வளரும் ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அவரைக் காப்பாற்றியது தேசிய அணி. ஓமானுக்காக அவர் தொடர்ந்து ஆடினார். நான்கு வளைகுடாக் கோப்பைகளில் வரிசையாகச் சிறந்த கீப்பர் ஆனார். 2009 ஜனவரியில் மஸ்கட்டில் ஓமான் கோப்பை வென்றபோது தொடர் முழுவதும் ஒரு கோலும் வாங்கவில்லை. வளைகுடாக் கோப்பை ஃபிஃபாவின் கட்டாய விடுப்புப் பட்டியலில் இல்லை, கிளப் மறுக்கலாம். போல்டனின் முதல் கீப்பராக இருந்திருந்தால் சீசன் நடுவில், ஜனவரியில் அவரை விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பெஞ்சால் கிடைத்த ஒரே லாபம் அது.

2010-ல் விகன் அத்லெடிக்குக்கு லோன். அந்த சீசனின் முதல் இரண்டு லீக் ஆட்டங்களில் விகன் 0-4, 0-6 என்று பத்து கோல் வாங்கியது. பிறகு இடம் இவருக்கு வந்தது. ஆண்டு முடிவில் கிளப்பின் சிறந்த வீரர். 2011-ல் விகன் அவரை நிரந்தரமாக வாங்கியது. கவனிக்க வேண்டியது: பிரீமியர் லீக்கிலேயே சிறிய கிளப்புக்கு இறங்கியதால்தான் முதல் கீப்பர் ஆனார். நெதர்லாந்து கீப்பர் எட்வின் வான் டெர் சாரும் இதைத்தான் செய்தார். அவர் ஆடிய யுவென்டஸ் 2001-ல் இத்தாலி கீப்பர் புஃபோனை வாங்கியபோது பெஞ்சில் காத்திருக்காமல் ஃபுல்ஹாமுக்குப் போனார். நான்கு ஆண்டில் மான்செஸ்டர் யுனைடெட் தேடி வந்தது.

ஆனால் ஒரே இடம் என்பதன் கொடுமை மறுபடி வந்தது. 2013 ஜனவரியில் விகன், அத்லெடிகோ மாட்ரிட்டிலிருந்து ஜோயல் ரோப்லெஸை லோனில் எடுத்தது. மே 11 அன்று விகன் எஃப்ஏ கோப்பை வென்றபோது கோலில் நின்றவர் ரோப்லெஸ். மூன்று நாள் கழித்து அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அல்-ஹப்ஸி 2015-ல் ரீடிங்குக்குப் போய் மறுபடி முதல் கீப்பர் ஆனார். 2017 மே மாதம் மேல் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் பெனால்டியில் தோற்று பிரீமியர் லீக் வாய்ப்பை இழந்தார். அந்தக் கோடையில்தான் சவுதி தன் தடையை நீக்கியது.

குர்ப்ரீத் சிங் சந்து: திரும்பி வந்தது தோல்வியா?

ஈஸ்ட் பெங்காலிலிருந்து 2014 ஆகஸ்டில் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார் குர்ப்ரீத். அப்போது வயது 22. அணியை நடத்தியவர் பாப் பிராட்லி. முதல் கீப்பர் ஐவரி கோஸ்ட்டின் சயூபா மாண்டே. 2016-ல் லீக் ஆட்டமும், அதே ஆண்டு ஜூன் 30 அன்று வேல்ஸின் கானாஸ் கீ நோமாட்ஸுக்கு எதிராக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றும் ஆடினார். அப்படி ஆடிய முதல் இந்தியர். 2017-ல் பெங்களூரு எஃப்சிக்குத் திரும்பினார்.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் நிமிடக் கணக்கைப் பார்க்கவில்லை. அவரைச் சேர்த்த காலத்துப் பயிற்சியாளர் போய்விட்டார். கீப்பரைப் பொறுத்தவரை பயிற்சியாளர் மாற்றம் என்பது தேர்வை முதலிலிருந்து மறுபடி எழுதுவது. 25 வயதில் வாராவாரம் ஆடும் வாய்ப்பு வீட்டில் இருந்தது. திரும்பிய பின் 2019 செப்டம்பர் 10 அன்று தோஹாவில், ஆசியச் சாம்பியன் கத்தாரை இந்தியா 0-0 என்று நிறுத்தியதில் கேப்டனாக நின்றவர் அவரே. நார்வேயில் மூன்று ஆண்டு தினப்பயிற்சியும், பெங்களூரில் தொடர்ச்சியான ஆட்டமும் சேர்ந்துதான் அந்தக் கீப்பர் உருவானார் என்பது என் மதிப்பீடு. நார்வேயிலேயே இன்னும் இரண்டு ஆண்டு பெஞ்சில் இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கலாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

வெளிநாடு போகும் கீப்பருக்கு ஆலோசனை சொல்பவர்கள் முதலில் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அதற்குப்பின் இவை:

1. தொகை வரிக்கு முன்னா, பின்னா. நாட்டுக்கு நாடு வருமான வரி வேறு. பாதி வரைகூடப் போகும்.
2. ஆட்ட போனஸ் எப்போது? "தொடக்க அணியில் இடம்பெற்றால்" என்று எழுதியிருந்தால் இரண்டாம் கீப்பருக்கு ஒன்றும் வராது. ஆட்டநாள் பட்டியலில் இருந்தாலே ஒரு பகுதி என்று கேட்க வேண்டும்.
3. இத்தனை ஆட்டம் ஆடினால் ஒப்பந்தம் தானாக ஓராண்டு நீளும் என்ற ஷரத்து. கீப்பர் விஷயத்தில் ஆபத்தானது. எண்ணிக்கை நெருங்கும்போது நிர்வாகம் அவரை உட்காரவைப்பதும் நடக்கும்.
4. லோனில் போகும் உரிமை. ஒரு சீசனில் இத்தனை ஆட்டத்துக்குக் கீழ் என்றால் அடுத்த விண்டோவில் லோன் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.
5. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, வீரர் நியாயமான காரணத்துடன் விலகலாம். இது ஃபிஃபா விதியிலேயே உண்டு.

ஃபிஃபா விதிகளின் பிரிவு 15 இன்னொரு கதவைக் காட்டுகிறது. நிலைபெற்ற தொழில்முறை வீரர் ஒருவர் சீசனில் கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பின் 15 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். கேட்க, பெஞ்சு கீப்பருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் அதே பிரிவு வீரரின் சூழ்நிலையையும் பார்க்கச் சொல்கிறது. இரண்டாம் கீப்பராக வருகிறோம் என்று தெரிந்து கையெழுத்திட்டவர், ஆடவில்லை என்று சொல்லி வெளியேறுவது கடினம். முதல் கீப்பராக எடுத்து, காரணமின்றி ஒதுக்கினார்கள் என்று காட்ட வேண்டும். பேச்சுவார்த்தைக் காலத்து மின்னஞ்சல்களை வைத்திருப்பது அப்போது உதவும்.

கடைசி ஆண்டுகள்

கீப்பர்கள் நீண்டநாள் ஆடுவார்கள் என்பது தெரிந்ததே. இத்தாலியின் டினோ ஸோஃப் 40 வயதில் உலகக் கோப்பை வென்றார். புஃபோன் 45-ல் ஓய்வு பெற்றார். ஆனால் 35-க்குப் பின் வெளிநாட்டில் கிடைக்கும் இருக்கைகள் குறையும். பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில் 17 பேர்தான் அங்கே வளராதவர்களாக இருக்கலாம். 21 வயதுக்குமுன் மூன்று சீசன் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில் பதிவாகியிருந்தவர்களே வளர்ந்தவர் கணக்கில் வருவார்கள். ஆடப்போகாத மூன்றாம் கீப்பருக்காக அந்த 17-ல் ஒன்றைச் செலவழிக்க கிளப்புகள் தயங்கும். மான்செஸ்டர் சிட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த ஸ்காட் கார்சன் ஆங்கிலேயர். அவர் வேலை தினப்பயிற்சியில் ஷாட் பிடிப்பதும், ஓய்வறையை ஒழுங்காக வைப்பதும். அங்கே அவர் ஆடிய ஆட்டங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

வெளிநாட்டவருக்கு இப்படியோர் இருக்கை கிடைத்தால் அது பழைய உறவால்தான். அல் ஹிலாலில் லீக் வென்றுவிட்டு வந்த அல்-ஹப்ஸியை 2019-ல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மாற்றுக் கீப்பராக எடுத்தது. பத்தாண்டுக்கு மேல் இங்கிலாந்தில் ஆடியவர், வயது 37, புதிதாகப் பழக்க ஒன்றுமில்லை. அந்த சீசனில் கிளப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அவர் லீக்கில் ஒரு நிமிடமும் ஆடாமல் 2020-ல் ஓய்வு பெற்றார்.